ஒரு சதவீதச் சூடு

முட்டை அட்டை ஒன்று பக்கத்தில் இருந்தால் திருகாணி தொலையாது. பழைய லேப்டாப்பைப் பிரிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். அடிப்பலகையில் கழற்றியது ஒரு குழியில், விசைப்பலகைக்குக் கீழே கழற்றியது அடுத்த குழியில், விசிறியோடு வந்தது அதற்கும் அடுத்ததில். கழற்றிய வரிசையில் பின்னோக்கிப் போனால் பூட்டிவிடலாம். இதுவரை யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவனிடம் யார் கேட்கப் போகிறார்கள். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உங்களை ஐயா என்றே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்தை வைத்து ஐயாவா அம்மாவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் கையெழுத்து அப்படித்தான் இருக்கும் போல. என்னுடையது குண்டு குண்டாக, தனித் தனியாக நிற்கும். நாற்பத்தேழு வயதில் கற்றுக்கொண்டது. இன்னும் தேயவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான தேர்வை என் தங்கை வீட்டிலிருந்து லேப்டாப்பில் எழுதியபோது, அது மூன்று முறை அணைந்தது ஏன் என்று. மூன்று முறையும், பேச்சைக் கேட்டு மொழிபெயர்க்கும் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அணைந்திருக்கிறது. ஆகவே அவளே அணைத்துவிட்டு, வேறெங்கோ விடை பார்த்துவிட்டுத் திரும்ப வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் அவள் தேர்வு எழுதக் கூடாது. அவளுக்கு முப்பத்தாறு. உங்கள் வேலைக்கு நாற்பது வயதுதான் எல்லை. இந்தக் கணக்கு எனக்கும் வரும். மறுப்பு இருந்தால் தக்க காரணத்தோடு முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு நாலு. அவளை ஒரு தோளிலும் மூட்டையை மறு தோளிலும் தூக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உண்மையில் மூட்டை தூக்கும்போது அவளைக் கிடங்கு வாசலில் காவல்காரர் பார்த்துக்கொண்டார். அவள் படித்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கட்டிக்கொள்ள யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதையும் நான் தியாகக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். நான்கு வருடத்துக்கு முன்னால் நான் இரண்டு மாத்திரை டப்பாக்களை மாற்றிச் சாப்பிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். எழுந்த அன்று சாயங்காலம் அவள் அச்சகத்தில் வீணான தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் ஒரு டீ, ஒரு மணி நேரப் பாடம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து நகர்த்துவேன். என் விரல் ஒரே நேரத்தில் மூன்று சொல்லை மறைக்கும். "விரலை எடுண்ணா, சூரியனே தெரியல" என்பாள். நான் சிரிப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரமும் ஓடியது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

இனி லேப்டாப். அதற்குப் பன்னிரண்டு வயது. தேர்வு முழுவதும் கேமரா ஓட வேண்டும், கண்காணிக்கும் மென்பொருள் ஓட வேண்டும், அதற்கு மேல் வீடியோவும் ஓட வேண்டும் என்று நீங்கள் விதி போட்டிருந்தீர்கள். ஒத்திகை பார்த்தபோது அது ஏப்பம் விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள் தங்கை. எதற்கு, மூளையை மட்டும் மாற்றினால் போதும் என்று நான் சொன்னேன். எனக்கு மூளை இல்லை என்று முப்பது வருடமாக மேஸ்திரி சொல்லி வந்தார். அதனால் அந்தச் சொல்லைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எங்கள் கிடங்குக்கு எதிரே பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரரை எல்லோரும் புகை என்பார்கள். அவர் தொட்டதில் பாதி புகையும், மீதி ஓடும். ஓடியவற்றை நம்பித்தான் போனேன். கழித்துப்போட்ட ஒரு மிஷினிலிருந்து நாலு கோர் ப்ராசஸர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அரசன் மோதிரத்தைக் காட்டுவது போலத்தான் காட்டினார்.

"உக்கார்ற இடம் ஒண்ணுதான், பெரியவரே. ஆனா பழசு முப்பத்தஞ்சு வாட்டு, இது நாப்பத்தஞ்சு. வேலையும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. சூட்டை வெளிய அனுப்பத் தெரிஞ்சா இது யானை. தெரியலன்னா அடுப்பு."

என்னைப் பெரியவரே என்பார். என்னைவிட அவருக்கு இரண்டு வயது அதிகம்.

அந்த மாடலைப் பிரித்துப் பூட்டும் கையேடு அந்நிய மொழியில் இருந்தது. தேர்வுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று தங்கை அதை நம் மொழியில் பெயர்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எனக்காக எழுதிக் கொடுத்தாள். அறுபத்து நாலு பக்கம். படங்களையும் அவளே வரைந்திருந்தாள். பதினாறு நாளில் அதைப் படித்து முடித்தேன். நான் முதலிலிருந்து கடைசி வரை படித்த ஒரே புத்தகம் அது. நாற்பத்தோராம் பக்கத்தில் எச்சரிக்கை என்று சிவப்பு மையில் தலைப்புப் போட்டு, செய்யக் கூடாதவற்றை எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாற்றினேன். சரியாகச் செய்தேன் ஐயா. அதில் எந்தக் குறையும் இல்லை. விசிறியை எடுத்தால், காற்று வெளியே போகும் செப்புத் தகடுகளுக்கு முன்னால் பன்னிரண்டு வருடத் தூசி தலையணை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் எடுத்தேன். ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பியதும் பழைய ப்ராசஸர் கையோடு வந்தது. புதியதன் மூலையில் ஒரு சின்னத் தங்க முக்கோணம் இருக்கும். அதை அடையாளம் பார்த்து, அழுத்தாமல், அதன் கனத்திலேயே உட்கார விட வேண்டும். நான் வாழ்க்கையில் அழுத்தாமல் செய்த முதல் வேலை அது. அதன் தலையில் பயறு அளவுக்குச் சாம்பல் நிறப் பேஸ்ட் வைத்தேன். ப்ராசஸரின் சூட்டை மேலே இருக்கும் செப்புக் குழாய்க்குக் கடத்துவது இந்தப் பேஸ்ட்தான். இது இல்லாவிட்டால் நடுவில் காற்று நின்று சூடு அங்கேயே தேங்கிவிடும். எல்லாம் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது.

அதோடு புகை சொன்ன இரண்டு காரியங்களையும் செய்தேன். லேப்டாப்பின் பின்பக்கம் அடியில் இரண்டு மரத்துண்டு வைத்து, காற்று உள்ளே போக வழி விட்டேன். அமைப்புகளில், ப்ராசஸர் அதிகபட்சம் எவ்வளவு ஓடலாம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் நூறு என்று இருந்ததைத் தொண்ணூற்றொன்பது ஆக்கினேன். நூறு வைத்தால் தன் வேகத்துக்கும் மேலே துள்ளிக் கொதிக்கும், கொதி மிஞ்சினால் மிஷின் தானாகவே அணைந்துவிடும். ஒன்றைக் குறைத்தால் துள்ளல் அடங்கிவிடும். ஒரே ஒரு சதவீதத்துக்கு அவ்வளவு அடக்கம். கேமராவையும் வீடியோவையும் மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். எழுபத்தொரு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெரிய ஆபீசர்களுக்குக் குலுக்குவது போல. நான் அந்தக் கையோடு இரண்டு நாள் மிதந்தேன்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, வேலை விட்டு வந்தபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். தேர்வில் தேறினால் வேலை தலைநகரத்தில். அங்கே ஒரு வீட்டுக்காரரிடம் அறை விசாரிக்கிறாள் என்று புரிந்தது. ஆமாம், ஒருத்திக்குத்தான் என்றாள். டீயை வைத்துவிட்டு நான் கேட்டேன்.

"ஒரு ரூம் போதுமா பாப்பா?"

முப்பத்தாறு வயதிலும் எனக்கு அவள் பாப்பாதான்.

"எனக்கு எதுக்குண்ணா ரெண்டு?"

"நான்?"

"நீ இங்கயே இருப்ப. உன் வேலை, உன் ஆளுங்க எல்லாம் இங்கதானே. இப்பத்தான் உனக்கு எழுதப் படிக்க வருதே. மாத்திரை டப்பாவ நீயே படிக்கற. கடுதாசி போடு, நானும் போடறேன். இதுக்காகத்தானே நாலு வருஷமா உன்கூட மல்லுக்கட்டினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதை இந்த இடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பாடமும் நடந்தது. ஒரு பக்கம் தட்டுத் தடுமாறாமல் படித்தேன். பார்த்தியா, இனிமே நான் எதுக்கு என்றாள்.

நான் யோசித்தது அவளுடைய நன்மையைப் பற்றித்தான். அவளுக்குக் குளிர்காலத்தில் இழுப்பு வரும். தலைநகரத்தில் காற்று சரியில்லை என்று லாரி டிரைவர்கள் சொல்வார்கள். தனி அறை. இரவில் இழுத்தால் யார் எழுந்து வெந்நீர் வைப்பார்கள். அவளுக்கு இழுப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது என்பதும் உண்மைதான். வராத நோய்க்கும் காவல் இருப்பவன்தானே அண்ணன்.

சனிக்கிழமை காலை அவள் அச்சகத்துக்குப் போன பிறகு, தொண்ணூற்றொன்பதை நூறாக மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு சதவீதம். பரீட்சை எழுதப் போகிறவளுக்கு நூற்றுக்கு நூறு என்று வைத்தேன் என நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அது போதவில்லை. ஓட்டிப் பார்த்தேன். எண்பத்தாறு வரை போய் அங்கேயே நின்றது. நான்தான் அவ்வளவு நன்றாகப் பூட்டியிருந்தேனே. என் திறமையே எனக்கு இடைஞ்சலாக வந்து நின்றது. அதனால் மரத்துண்டுகளை எடுத்துவிட்டு, லேப்டாப் வழுக்காமல் இருக்கட்டும் என்று அடியில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டேன். அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்று. அணையவில்லை.

பிறகு முட்டை அட்டையை எடுத்தேன்.

பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். ப்ராசஸரின் தலை கண்ணாடி போல ஆனது, என் முகம் தெரிந்தது. தடுமாற்றம் ஏதும் அந்த முகத்தில் இல்லை, வேலை செய்கிறவனின் முகம்தான். காய்ந்தபடியே பூட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தேன். அவள் சிவப்பில் எழுதியிருந்தது மூன்று வரி: பேஸ்ட் இல்லாமல் பூட்டாதே. காற்று வழியை மறைக்காதே. முழு வேகத்தில் ஓடவிடாதே. கீழிருந்து மேலாக மூன்றையும் முடித்திருந்தேன். அவள் எழுத்து அவ்வளவு தெளிவு. வேறு யாராவது மொழிபெயர்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

கேமரா, வீடியோ எல்லாம் ஓடவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொரு நிமிடத்தில் அணைந்தது. திரும்பப் போட்டேன், ஏழு நிமிடம். திரும்பவும், நான்கு. முதல் நாற்பது நிமிடம் எழுத்துத் தேர்வு, அதில் மிஷினுக்குப் பளு இல்லை, தாங்கும். கேட்டு மொழிபெயர்க்கும் பகுதியில்தான் வீடியோ. மூன்று முறை அணைந்தால் திரும்ப நுழைய முடியாது என்பது உங்கள் விதி. விதியை அவள்தான் எனக்குப் பாடமாகப் படிக்கக் கொடுத்தாள். இந்தக் குறிப்பை இங்கே எழுதக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தில் பதினொன்று, எட்டு, நான்கு நிமிடம் என்று இருக்கிறது. என் கணக்கில் நடுவில் ஏழு. அந்த ஒரு நிமிடம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணி. தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குப் போவது போல உட்கார்ந்தாள். அடியில் என்ன கம்பளி என்று கேட்டாள். மேஜை ஆடுது, அதுக்குத்தான் என்றேன். நீ வெச்சா சரியாத்தான் இருக்கும் என்றாள். நான் சமையலறையில் நின்றுகொண்டேன். முதல் முறை அணைந்தபோது அவள் குரல் ஏறவில்லை. அண்ணா, கொஞ்சம் வாயேன் என்றாள். போனேன். தொட்டுப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல, திரும்பப் போடு என்றேன். சூடா இருக்கே, காத்தாடியக் கொண்டுவா என்றாள். மேஜை விசிறியைக் கொண்டுவந்து வைத்தேன். மிஷின் பக்கம் திருப்பவில்லை. அவளுக்கு வியர்த்திருந்தது, அவள் முகத்துக்குத் திருப்பினேன். கொஞ்சம் காற்று சிதறி அந்தப் பக்கமும் போயிருக்கும். அந்த ஒரு நிமிடம் அதுதான்.

மூன்றாம் முறை அணைந்த பிறகு அவள் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கையை லேப்டாப் மேலேயே வைத்திருந்தாள், சுடுவது தெரியாதவள் போல. நான்தான் எடுத்து விட்டேன். உள்ளங்கை சிவந்திருந்தது. மருந்து போட்டேன்.

"உன்மேல தப்பில்லண்ணா" என்றாள். "பழைய மிஷின். புதுசு வாங்கியிருக்கணும். நான்தான் வாங்கல."

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனதும் லேப்டாப்பை மறுபடி பிரித்தேன். பயறு அளவு பேஸ்ட் வைத்தேன். மரத்துண்டுகளை வைத்தேன். நூறைத் தொண்ணூற்றொன்பது ஆக்கினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. இப்போது அது அறுபத்தெட்டு டிகிரிக்கு மேல் போவதில்லை. நீங்கள் ஆள் அனுப்பிச் சோதித்தாலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அவள் பக்கத்தில் சாட்சி சொல்ல இந்தக் கடிதத்தைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் வந்ததும் அவள் என்னிடம்தான் படிக்கக் கொடுத்தாள். நன்றாகப் படித்தேன், ஓர் இடத்திலும் நிற்கவில்லை. சூட்டினால் அணைந்தது என்று புகையிடம் ஒரு வரி எழுதி வாங்கிவா அண்ணா, அதை வைத்து மறுப்பு எழுதலாம் என்றாள். போனேன். கடை வரைக்கும் போனேன். அவர் உள்ளே இருந்தார், எதையோ ஊதிக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி வந்து, அவர் அதெல்லாம் எழுதித் தர மாட்டாராம் என்று சொன்னேன். ஆதாரம் இல்லாமல் எழுதினால் வெறும் அழுகையாகத்தான் இருக்கும், நான் எழுதமாட்டேன் என்று விட்டுவிட்டாள். தலைநகரத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்றாள். அப்போதும் ஒருத்திக்குத்தான் என்று சொன்னதாக எனக்குக் கேட்டது. கேட்டிருக்காது.

இப்போது சாயங்காலங்களில் மறுபடி பாடம் நடக்கிறது. அவள் அதிகம் பேசுவதில்லை. சூரியன் தெரியலைன்னு சொல்வதில்லை. சின்ன வாக்கியங்கள் எனக்கு நன்றாக வருகின்றன, நீளமானவற்றில் வழி தவறிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் தவறியதைவிட இப்போது கொஞ்சம் அதிகமாகவே தவறுகிறேன். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும் போலிருக்கே என்றாள். ஆகட்டும் என்றேன்.

முடிவாகச் சொல்கிறேன். என் தங்கை எதையும் அணைக்கவில்லை, எதையும் பார்த்து எழுதவில்லை. நான்தான் செய்தேன். தெரிந்து, அளந்து, மூன்று முறை ஒத்திகை பார்த்துச் செய்தேன். அவளைத் தண்டிக்க எந்த நியாயமும் இல்லை. இதை எழுதுவதில் எனக்குப் பயமும் இல்லை. என்ன தண்டனை என்றாலும் தூக்கிக்கொள்வேன், தூக்குவதுதானே என் தொழில். என் பாப்பாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பது ஒன்றே என் எண்ணம்.

நீங்கள் கொடுத்த முப்பது நாள் போன புதன்கிழமையோடு முடிந்துவிட்டது என்பதைக் கவனித்தேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் சோம்பலாக இருந்துவிடவில்லை, இது ஐந்தாவது நகல். முதலாவது பன்னிரண்டாம் நாளே முடிந்துவிட்டது. ஆனால் அதில் இரண்டு இடத்தில் அடித்தல். அடுத்ததில் மை இழுகிவிட்டது. மூன்றாவதில் வரி கோணல். நான்காவதில் என்ன குறை என்று இப்போது ஞாபகம் இல்லை, ஏதோ இருந்தது. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள். அசிங்கமாக ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் அவளுக்குத்தானே கேவலம்.

இப்போது திருப்பிப் பார்க்கையில் இதிலும் இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லை அடித்து எழுதியிருக்கிறேன். ஆறாவதாக ஒன்று எழுதி அனுப்புகிறேன்.